ஏழில் திரும்பும், எட்டில் திரும்பாது

கேள்வி: "அண்ணே, ரங்கூனில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ரோல்-பிளேயிங் கேம், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையைப் பேசியே நடத்தும் ஆட்டம், ஆடுகிறோம். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். புத்தகத்தில் இருக்கும் மந்திரப் பட்டியல் சலித்துவிட்டது. கணக்கையே மந்திரமாக வைத்து ஆடலாம் என்று ஒரு யோசனை. ஆனால் ஐந்தில் இரண்டு பேருக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல் வரும். எப்படிச் செய்வது?"

தம்பி, இந்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! உங்கள் தெரு டீக்கடையிலோ டாக்சியிலோ போ போ அவுங் என்ற பர்மியச் சித்தரின் படம் பார்த்திருப்பீர்கள், வெள்ளை உடுப்பும் தலைக்கட்டுமாக. அவர் கதை தெரியும் அல்லவா? போதாபயா ராஜா அவரைப் பிடித்துவரச் சொல்கிறார். வந்தவர் தரையில் பர்மிய 'வ' எழுத்தை ஒன்று எழுதி, "முடிந்தால் அழியுங்கள்" என்கிறார். ராஜா அழிக்கிறார், இரண்டாகிறது. இரண்டையும் அழிக்கிறார், நான்காகிறது. அப்புறம் எட்டு. கடைசியில் அறை முழுக்க 'வ'. ராஜா கையெடுத்துக் கும்பிடுகிறார்.

பத்து தடவை அழித்தால் 1,024. இருபது தடவை அழித்தால் பத்து லட்சத்துக்கு மேல். இதில் இன்னொரு குசும்பும் இருக்கிறது. பர்மிய எழுத்தில் 'வ'வும் வட்டம், சுழியமும் வட்டம். சுழியத்தை எத்தனை தடவை இரட்டித்தாலும் சுழியம்தான் என்று நம் கணக்கு சொல்லும். அதைப் பெருக வைத்ததால்தான் அவர் சித்தர், நான் டியூஷன் வாத்தியார்.

இந்தக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. மூன்றாவது தடவை துடைத்தபோதே ராஜாவுக்கு விதி புரிந்துவிட்டது. யாரும் அவரை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்லவில்லை, எதிரே நடந்ததைப் பார்த்தார், பயந்தார். உங்கள் மேசையிலும் கணக்கு இப்படித்தான் வரவேண்டும். அது அந்த உலகத்தின் சட்டமாக இருக்கட்டும். ஆடுகிறவனுக்கு வைக்கும் பரீட்சையாக ஆனால், காய்ச்சல்காரர்கள் இரண்டு பேரும் அடுத்த ஞாயிறு வரமாட்டார்கள்.

பரீட்சையாகிப் போனதற்கு ஓர் உதாரணம் பாத்ஃபைண்டர் விளையாட்டில் வந்த 'சேக்ரட் ஜியாமெட்ரி' என்ற திறமை. உங்கள் பாத்திரத்துக்குப் பொறியியல் அறிவில் எத்தனை புள்ளியோ, அத்தனை ஆறுமுக டைஸ் உருட்டவேண்டும். விழுந்த எண்களைக் கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ ஒரு குறிப்பிட்ட பகா எண்ணைக் கொண்டுவந்தால் மந்திரம் கூடுதல் வலுவோடு பலிக்கும். முதல் நிலைக்கு 3, 5, 7. ஒன்பதாம் நிலைக்கு 101, 103, 107. படிக்கும்போது எனக்கு எச்சில் ஊறியது. ஆடிப் பார்த்தபோது, எங்கள் கூட்டத்தில் ஒருவர் பத்து டைஸை வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார், மற்றவர்கள் கீழே இறங்கி மொய்ங்கா (மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டே வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால் அப்போதுதான், "107க்கு வழி இருக்கு, இருக்கு, ஒரு நிமிஷம்" என்கிறார்.

நேரம் போனது கூடப் பெரிதில்லை. டைஸ் நிறைய இருந்தால் ஏதாவது ஒரு வழி அநேகமாக எப்போதும் கிடைத்துவிடும். ஆக ஜெயிப்பதும் நிச்சயம், காத்திருப்பதும் நிச்சயம். அதோடு 101 ஏன் நெருப்பாக வேண்டும்? அந்த எண்ணுக்கும் மந்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேறு எண்ணை வைத்திருந்தாலும் கதை அப்படியேதான் ஓடியிருக்கும்.

அதனால் ஒரு கணக்கை மேசைக்குக் கொண்டுவருவதற்கு முன் நான் பார்ப்பது, அது தப்பினால் கதையில் என்ன நடக்கும் என்பதைத்தான். அதற்கு விடை தெரியவில்லையென்றால் அந்தக் கணக்கை எடுப்பதில்லை. சரியா தப்பா என்று மேசையில் இருக்கும் எல்லோரும் நொடியில் சரிபார்க்கவும் முடியவேண்டும்.

கோலத்திலிருந்து ஆரம்பியுங்கள். கணக்கு என்றால் ஓடுகிறவர்களுக்கு அதுதான் வாசல். சிக்குக் கோலத்தில் மிக எளியது எது? புள்ளிகளைச் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வைத்து, இழை சாய்வாகப் புள்ளிகளுக்கு இடையே ஓடி, ஓரத்தில் முட்டித் திரும்பி, நடுவில் வேறு வளைவு வேலை எதுவும் இல்லாமல் எல்லாப் புள்ளியையும் சுற்றிவருவது. அப்படிப் போட்டால் மொத்தம் எத்தனை தனித்தனி இழை வரும் என்பதைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். வரிசை எண்ணிக்கை, நிரல் எண்ணிக்கை, இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி, அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண், எதுவோ அத்தனை இழை. 3க்கு 4 போட்டால் ஒரே இழை, கையெடுக்காமல் முடித்துவிடலாம். 4க்கு 6 என்றால் இரண்டு. 4க்கு 4 என்றால் நான்கு.

இதை நான் காவல் மந்திரமாக வைத்திருக்கிறேன். காவலின் மொத்த வலு, புள்ளிகளின் எண்ணிக்கை. அதை இழைகள் சமமாகப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒரே இழைக் கோலத்துக்கு முழு வலுவும் உண்டு, ஆனால் எங்கே ஓரிடத்தில் அறுத்தாலும் மொத்தக் காவலும் போச்சு. பல இழை என்றால் ஒவ்வொன்றும் மெலிசு. ஒன்று அறுந்தாலும் மற்றவை நிற்கும்.

ஒரு ராத்திரி கரண்ட் போய், இரண்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண், பத்தாவதோடு கணக்குக்குக் கும்பிடு போட்டவள், கிழித்துப்போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் 4க்கு 6 புள்ளி வைத்துப் போட்டாள். இழை சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே மூடிக்கொண்டது. பாதிப் புள்ளிகளை இன்னும் சுற்றவே இல்லை. பேனாவைத் தூக்கி இரண்டாவது இழையைத் தொடங்கவேண்டியதாயிற்று. மொத்தம் 24, இழைக்கு 12. வெளியே நின்ற ஆவியின் வலு 15. மெதுவாக உள்ளே வந்தது. அவள் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா வாசல்ல எப்பவும் ஒரு வரிசை கூடத்தான் வெப்பாங்க" என்றாள். அடுத்த தடவை 5க்கு 6 வைத்தாள். முப்பது புள்ளி, ஒரே இழை, ஆவி வெளியிலேயே நின்றது. மீப்பெரு பொது வகுத்தி என்ற பெயரை நான் அவளிடம் சொல்லவே இல்லை. இன்றைக்கும் எங்கள் மேசையில் காவல் போடுவது அவள்தான்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். ஆவி என்றதும் இங்குள்ள 37 நத்துகளில், அதாவது பர்மியர்கள் கும்பிடும் ஆவித் தெய்வங்களில், யாருடைய பெயரையாவது எடுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் மேசையில் பர்மிய நண்பர்களும் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பாட்டி தினமும் தேங்காய் வைத்துக் கும்பிடுகிற ஒருவரை டைஸ் போட்டு விரட்டுவது மரியாதையில்லை. பெயரைக் கற்பனையாக வையுங்கள்.

இனி நான் ரொம்ப நாள் மெனக்கெட்டுச் செய்தது, கிழமை மந்திரம்.

இங்கே கிழமை எட்டு என்பது உங்களுக்குத் தெரியும். புதன்கிழமையை இரண்டாக வெட்டி, முற்பகலைத் தந்தமுள்ள யானைக்கும் பிற்பகலைத் தந்தமில்லாத யானைக்கும் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவதுதான் ராகு. ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனால் எட்டுத் திசைக்கும் ஒவ்வொரு மூலை, அவரவர் பிறந்த கிழமை மூலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். ராகுவுக்கு வடமேற்கு. ஆனால் மகாபோட் ஜோசியம் பார்க்கும்போது பர்மிய ஆண்டை ஏழால் வகுத்து மீதியை எடுப்பார்கள். 2025 ஏப்ரலில் பிறந்த பர்மிய ஆண்டு 1387. ஏழால் வகுத்தால் மீதி 1. ஆக ஒரே ஊரில் ஏழு ஒரு கணக்கு, எட்டு ஒரு கணக்கு. இந்த இரண்டும் முட்டுகிற இடத்தில் நான் மந்திரத்தை வைத்தேன்.

விதி இதுதான். ஒவ்வொரு மந்திரத்துக்கும் 1 முதல் 6 வரை ஓர் எண். ஒரு பொருளின் இயல்பு நிலை 1. அதன்மேல் மந்திரம் போட்டால், இப்போதிருக்கும் எண்ணை மந்திரத்தின் எண்ணால் பெருக்கி, ஏழால் வகுத்து, மீதியை வைத்துக்கொள்ளவேண்டும். மீண்டும் 1 வந்துவிட்டால் பொருள் பழையபடி ஆகிவிட்டது. 3ஆல் பூட்டிய கதவை 5ஆல் திறக்கலாம், ஏனென்றால் 15ஐ ஏழால் வகுத்தால் மீதி 1. 2க்கு மாற்று 4. 6க்கு மாற்று 6 தானே. இரண்டு பேர் அடுத்தடுத்து 3ஆலும் 4ஆலும் பூட்டியிருந்தால் 12, மீதி 5, அதை 3 ஒன்றே திறந்துவிடும். இதற்கெல்லாம் பெருக்கல் வாய்ப்பாடுகூட வேண்டாம். ஆறுக்கு ஆறு கட்டம் போட்ட ஓர் அட்டையை ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள், விரலை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஏழு பகா எண் என்பதால் இங்கே மாற்று இல்லாத மந்திரமே கிடையாது. எதைச் செய்தாலும் அவிழ்க்கலாம். இரண்டு ஆட்டத்துக்குள் எல்லோருக்கும் அந்தத் தைரியம் வந்துவிடும், வரட்டும்.

அப்புறம் கதையில் ஒரு புதன்கிழமையைக் கொண்டுவாருங்கள். உச்சி சாய்ந்ததும் ராகு நேரம், ஏழால் வகுத்த உலகம் எட்டால் வகுக்க ஆரம்பிக்கும்.

எங்கள் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எதிரிப் படகுகள் வராமலிருக்க ஒருவன் 4 போட்டு ஆற்றை உறைய வைத்தான். வேலை முடிந்ததும் இன்னொருவன் வழக்கம்போல, அட்டையைக்கூடப் பார்க்காமல், "ரெண்டு போட்டு அவுத்துடறேன்" என்றான். 4ஐ 2ஆல் பெருக்கினால் 8. ஏழு நாள் உலகத்தில் மீதி 1, ஆறு ஓடியிருக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் மேசையில் புதன் என்று எழுதியிருந்த சீட்டைத் தட்டிக் காட்டினேன். எட்டை எட்டால் வகுத்தால் மீதி சுழியம். சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியம். ஆறு உறையவும் இல்லை, ஓடவும் இல்லை. ஆறே இல்லை. இரண்டு கரையும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, மீனவர் கிராமம் வயல் நடுவில் நிற்கிறது. அரை நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அன்றைக்குப் பையன்கள் தாங்களாகவே ராகு நேரத்துக்கு அட்டை போட உட்கார்ந்தார்கள். போடும்போது கண்டுபிடித்தார்கள்: எட்டில் 3, 5, 7 மூன்றும் தனக்குத் தானே மாற்று. 9, 25, 49 எதை எட்டால் வகுத்தாலும் மீதி 1. இரட்டை எண்களுக்கு மாற்றே கிடையாது, இரட்டையை எதனால் பெருக்கி எட்டால் வகுத்தாலும் மீதி இரட்டையாகவே இருக்கும், 1 வரவே வராது. ஆக ராகு நேரத்தில் ஒற்றை எண்காரன் கவலையில்லாமல் திரிவான், இரட்டை எண்காரன் கை வைக்கவே பயப்படுவான். இதை நான் விதிப்புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒருவன்கூடப் படித்திருக்கமாட்டான். உங்கள் உலகத்தில் 12 மணிக் கடிகாரம் வேண்டும் என்றால் அதிலும் செய்யலாம். 1, 5, 7, 11 மட்டும்தான் அங்கே திரும்பும்.

டைஸ் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். கை நடுங்குகிறதா, எதிரி முந்திக்கொண்டானா என்பதற்கு டைஸ். மந்திரம் பலிப்பதைக் கணக்கிடமே விட்டுவிடுங்கள்.

எந்திரச் சதுரம் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மியர்கள் 'இன்' என்று கட்டம் போட்டு எண் எழுதி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டில் பூஜை அறையில் இருக்கும் குபேரக் கோலமும் அதே ஜாதிதான்: மேல் வரிசை 27, 20, 25. நடுவில் 22, 24, 26. கீழே 23, 28, 21. எப்படிக் கூட்டினாலும் 72. இதில் விளையாட்டுக்கு ஆகிற விஷயம் கூட்டுத்தொகை இல்லை. எதிரி ஓர் எண்ணை மாற்றிவிட்டான் என்று வையுங்கள். ஒரு வரிசை தப்பும், ஒரு நிரல் தப்பும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில்தான் திருட்டு. எவ்வளவு மாறியிருக்கிறதோ அவ்வளவு திருத்தினால் சதுரம் உயிர்த்துவிடும். கெட்டுப்போன முத்திரையைச் சரிசெய்வது என்று ஒரு கட்டத்துக்கு இது போதும், பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்துவிடும். ஒரே வரிசையில் இரண்டு எண்ணை ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து மாற்றினால் என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். அது கொஞ்சம் கெட்ட வில்லனுக்கு.

72 என்றதும் எனக்கு வட்டி ஞாபகம் வருகிறது. வட்டி விகிதத்தால் 72ஐ வகுத்தால் எத்தனை தவணையில் கடன் இரட்டிக்கும் என்று தோராயமாகத் தெரியும். மந்திரத்துக்கு விலை வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சுற்றுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி, கூட்டு வட்டி. பத்துப் புள்ளி மந்திரம் கடன் வாங்கினால் ஆறு சுற்றில் ஏறக்குறைய இருபது, பன்னிரண்டு சுற்றில் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. போ போ அவுங்கின் 'வ' மாதிரி முதலில் சிரிப்பாக இருக்கும்.

மொகல் தெருவில், அதாவது இன்றைய ஷ்வே போந்தா தெருவில், செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள், இருந்த ஊர் இது. 1930களில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்களால் கட்டமுடியாமல் போனபோது என்ன நடந்தது என்பது வரலாறு. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு, 1937க்குள் 25 பங்கு. அவர்களுக்கு வேண்டியது நிலமில்லை, திரும்பிச் சுழலும் பணம். நிலம் வந்து கையில் மாட்டிக்கொண்டது, கூடவே ஊரார் கோபமும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதி தன் ஞாபகங்களை அடகு வைக்கிறான். கடன் கொடுத்த ஆவிக்கு அந்த ஞாபகங்கள் தேவையே இல்லை. ஆனால் அவனால் கட்டமுடியாமல் போனபோது அவன் அம்மாவின் குரல், பள்ளிக்கூட மதில், முதல் மழை எல்லாம் அந்த ஆவியின் தலையில் வந்து விழுகிறது. எதிரியைக் கொடூரனாக்காமலேயே கதை கனத்துவிடும்.

எண்ணை நம்புகிறவர்களும் உங்கள் உலகத்தில் இருக்கட்டும். நம்பிக்கை தப்பாக இருந்தாலும் விளைவு நிஜமாக வரும், அதை நாம் பார்த்தவர்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. அப்புறம் வந்தவை 45ம் 90ம். இரண்டும் ஒன்பதால் வகுபடும், அப்போது நாட்டை ஆண்ட நெ வினுக்கு ஒன்பது ராசி என்பது இங்கே எல்லோரும் சொல்வது.

அந்த 90ஐ நான் ஒரு கதவுக்கு வைத்திருக்கிறேன். கதவில் 8051 என்று மட்டும் இருக்கும். எந்த இரண்டு எண்ணைப் பெருக்கினால் அது வரும் என்று சொன்னால் திறக்கும். மூன்று, ஏழு, பதினொன்று என்று வகுத்துக்கொண்டே போனால் இருபதுக்கு மேல் பகா எண்களைத் தாண்டவேண்டும், அதற்குள் காவலாளி வந்துவிடுவான். ஆனால் பக்கத்துச் சுவரில் ஒரு பழைய 90 சாட் நோட்டு ஒட்டியிருக்கும். 90ஐ 90ஆல் பெருக்கினால் 8100. 8051 அதைவிட 49 குறைவு, 49 ஏழின் வர்க்கம். ஆகவே 90இலிருந்து ஏழு குறைத்தால் 83, ஏழு கூட்டினால் 97. 83ஐ 97ஆல் பெருக்கிப் பாருங்கள். கண்டுபிடிப்பது கஷ்டம், சரிபார்ப்பது சுலபம், கதவுக்கு இதுதான் வேண்டும்.

நீங்கள் ஆடும்போது 8051ஐ எடுக்காதீர்கள், இங்கே பாதிப் பேருக்கு அது மனப்பாடமாகிவிட்டது. நூறை ஒட்டி 9991 செய்துகொள்ளலாம், அறுபதை ஒட்டி 3599. அதே 90இல் ஏழுக்குப் பதில் பதினொன்று வைத்தால் 7979 வரும், அது மட்டும் வேண்டாம். நான் ஒரு தடவை அதை வைத்து, பெரிய புதிர் என்று குரலை இறக்கிச் சொல்லி முடிப்பதற்குள், அந்தக் கோலக்காரப் பெண் மொய்ங்காவிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "எழுபத்தொம்பது, நூத்தியொண்ணு" என்று சொல்லிவிட்டாள்.